மன அழுத்தத் தாளில் 325: என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிய ஆறு பக்கக் கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். போன வருடம் ஏப்ரலில் வேலை போய்விட்டது. வாடகை கட்டுப்படியாகாது என்று ஜூனில் குடும்பத்தோடு மனைவியின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. கயல் என்று வைத்துக்கொள்வோம். திருப்பூர்ப் பள்ளியில் கோ-கோ அணியில் ஆடியவள்; புதுப் பள்ளியில் பெண்களுக்கு அணியே கிடையாது. செப்டம்பரில் அம்மாயி (அம்மாவின் அம்மா) இறந்துவிட்டார். ஜனவரியில் பள்ளியில் ‘மன அழுத்த அளவீடு’ என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் நடந்தவற்றுக்கு எதிரே டிக் அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கயலுக்கு வந்தது 325. பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்கள் காதில் விழும்படியே ஒரு ஆசிரியை, “300-க்கு மேல் போனால் நோய் வர 80 சதவீத வாய்ப்பு, டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்.

அதே தாளை அம்மாவிடமும் கொடுத்து, மகளுக்கு நடந்ததை நினைத்து நிரப்பச் சொன்னதில் 190 தான் வந்தது. ‘பெற்றோரிடையே சண்டை அதிகமானது’, ‘நெருங்கிய தோழியை இழந்தது’ என்று அம்மா நினைத்தே பார்க்காத இடங்களில் எல்லாம் மகள் டிக் அடித்திருக்கிறாள். கடைசியில் ‘வேறு ஏதாவது’ என்ற வரியில் ஏதோ எழுதிவிட்டு, படிக்க முடியாதபடி பேனாவால் அடித்தும் இருக்கிறாள். ஏழெட்டு வாரமாக ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்திருக்கிறாள், சாப்பாடு குறைந்திருக்கிறது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறாள், அரையாண்டில் மார்க் குறைந்துவிட்டது. அப்பாவோ, “இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டால்தான் இல்லாததும் பொல்லாததும் பிள்ளை மனசில் ஏறும்” என்கிறார்.

அந்த அம்மா கேட்பது மூன்று கேள்விகள். அந்த 80 உண்மையா? அடித்த வரியில் என்ன இருந்தது என்று எப்படிக் கேட்பது? மனநல மருத்துவரிடம் போனால் நாளைக்குப் படிப்பு, வேலை, கல்யாணம் என்று வரும்போது பிரச்சினை ஆகுமா?

80 எங்கிருந்து வந்தது

சகோதரி, முதலில் அந்த 80-ஐ மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கயலுக்கு இத்தனை சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இருவர் 1967-ல் வெளியிட்ட பட்டியலைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் வார்த்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். மூலப் பட்டியல் பெரியவர்களுக்கானது, மொத்தம் 43 நிகழ்வுகள். கணவனோ மனைவியோ இறந்தால் 100, விவாகரத்து 73, கல்யாணம் 50, கிறிஸ்துமஸ் பண்டிகை வந்தால்கூட 12. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஈடுகொடுக்க ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று சில நூறு பேரிடம் கேட்டு, வந்த சராசரியை மதிப்பெண்ணாக வைத்தார்கள். 300, 80 என்பதெல்லாம் அந்தப் பெரியவர்களை வைத்து வந்த கணக்கு. அதில் ‘நோய்’ என்றது மனதுக்கு வருவதை மட்டும் சொல்லவில்லை, உடம்புக்கு வரும் எல்லாமும் அதில் சேர்த்தி.

ராஹேயே பிறகு அமெரிக்கக் கடற்படை மாலுமிகள் சுமார் 2,500 பேரிடம் பயணத்துக்கு முன்பே தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு, கடலில் இருந்த மாதங்களில் யாருக்கெல்லாம் உடம்புக்கு வந்தது என்று பார்த்தார். 1970-ல் வந்த முடிவு இது: தொடர்பு உண்டு, ஆனால் அதன் அளவு 0.118. முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. இந்த 0.118-ஐ வைத்துத்தான் ஒரு அம்மாவைக் கூட்டத்தில் நிறுத்திப் பயமுறுத்த முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

கூட்டல் போட்ட விதத்திலும் கோளாறு இருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்தது ஒரு அடி: வேலை போனது. அந்தப் பழைய பட்டியலில் வேலை போனால் 47, வரவு செலவு மாறினால் 38, வாழும் வசதி மாறினால் 25, வீடு மாறினால் 20, பள்ளி மாறினால் 20, பொழுதுபோக்கு மாறினால் 19, பழகும் ஆட்கள் மாறினால் 18. கூட்டினால் 187. ஒரே அடியை ஏழு தடவை எண்ணியிருக்கிறார்கள். அதைவிட எனக்குச் சங்கடமாக இருப்பது, தூக்கம் மாறியது, சாப்பாடு மாறியது என்பவையும் அதே பட்டியலில் மதிப்பெண்ணோடு நிற்பது. அவை துயரத்தின் விளைவுகள். விளைவையும் காரணத்தோடு சேர்த்துக் கூட்டிவிட்டு, பாருங்கள், காரணம் இவ்வளவு பெரிது என்றால் எப்படி? மார்க் குறைந்தது, தோழியோடு பேச்சு நின்றது இரண்டும்கூட அப்படித்தான். அதனால் மனம் சோர்ந்ததா, சோர்ந்த மனதால் அது நடந்ததா என்று டிக் சொல்லாது.

பிள்ளைகளுக்கென்று தனிப் பட்டியல்களும் உண்டு. 1972-ல் டீன் காடிங்டன் செய்தது பிரபலம். அதிலும் மதிப்பெண் போட்டவர்கள் ஆசிரியர்கள், குழந்தை மருத்துவர்கள், மனநலத் துறையினர், பிள்ளைகள் இல்லை. நம் நாட்டில் 1984-ல் குர்மீத் சிங் குழுவினர் 51 நிகழ்வுகளோடு ஒன்றைத் தயாரித்தார்கள். மகள் அல்லது சகோதரி கல்யாணம், யாத்திரை போவது என்று நம் வாழ்க்கைக்குப் பொருந்தும் பலதும் அதில் உண்டு, ஆனால் அதுவும் பெரியவர்களுக்கானது.

இதைச் சொல்வதால் தாளே வீண் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, கஷ்டங்கள் அடுக்கடுக்காக வந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் உதவி அதிகம் வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவும். ஆனால் ஒரு கூட்டத்தைப் பற்றிய எண்ணை ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்டக் கூடாது. சிறுவயதுத் துயரங்களையும் பிற்கால உடல்நலத்தையும் இணைத்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த பெரிய அமெரிக்க ஆய்வின் முதல் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. அந்த ஆய்வை நடத்திய இருவரில் ஒருவரான ராபர்ட் அண்டாவே, அதில் துயரங்களை எண்ணிப் போட்ட ஸ்கோரைத் தனி ஆளுக்குப் பரிசோதனை மாதிரி பயன்படுத்தாதீர்கள் என்று 2020-ல் எழுத வேண்டி வந்தது.

நீங்கள் ஒரே வரியில் எழுதியது

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், கோ-கோ பற்றிச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “எங்கம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க, கயல்தான் பக்கத்துல படுத்திருந்தா.” அடுத்த வரியிலேயே பள்ளிக் கட்டணத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் செய்தது; 1978-ல் புத்தகமாக வந்தது. கேம்பர்வெல் என்ற பகுதியில் இருந்த பெண்களிடம் டிக் அடிக்கும் தாளை நீட்டாமல், உட்கார்ந்து பேசினார்கள். என்ன நடந்தது, அப்போது வீட்டில் என்ன நிலைமை, யார் கூட இருந்தார்கள், அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று முழுக் கதையாகக் கேட்டார்கள். பிறகு அந்தக் கதையை மட்டும் ஒரு குழுவிடம் சொல்வார்கள். அந்தப் பெண் அழுதாளா, நோயில் விழுந்தாளா என்பதை மறைத்துவிடுவார்கள். அந்த நிலைமையில் இருக்கும் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும் என்று குழு மதிப்பிடும். ஒரே சம்பவம் இரண்டு பேருக்கு இரண்டு எடையாக இருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒரு ஆள் இருந்த பெண்கள், அதே மாதிரி அடி விழுந்தும் குறைவாகவே மனச்சோர்வில் விழுந்தார்கள் என்பதும் அதில்தான் தெரிந்தது. 1993 வாக்கில் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் சேர்ந்திருந்த ஒரு குழு இதே வழியைப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தது.

கயலின் கதையை அப்படிக் கேட்டுப் பாருங்கள். பழைய பட்டியலில் நெருங்கிய குடும்பத்தார் மரணம் என்றால் 63. வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிற பாட்டி செத்தாலும் 63 தான். கயலுக்கு என்ன நடந்தது? ஊர் போய், தோழிகள் போய், ஆட்டம் போய், புது வீட்டில் அவளுக்கென்று மிச்சம் இருந்தவர் அம்மாயி. மூன்று மாதம் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது அம்மாயி விழிக்கவில்லை. அவள்தான் எழுப்பிப் பார்த்தாளா? எத்தனை நேரம் தெரியாமல் படுத்திருந்தாள்? ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டதா, தண்ணீர் கேட்டாரா, தூக்கக் கலக்கத்தில் இவள் எழுந்திருக்கவில்லையா? எனக்குத் தெரியாது, நீங்களும் எழுதவில்லை. ஆனால் மரணத்தைப் பக்கத்தில் பார்த்த பிள்ளைகள் “நான் முழிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ” என்ற ஒரு கேள்வியை யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிற பிள்ளையின் கதையில் இந்தச் சம்பவம் ஒரு ஓரத்தில் கிடக்கிறது என்றால், நான் முதலில் தொடுவது அதைத்தான்.

உங்களைக் குறை சொல்லவில்லை சகோதரி. செத்தது உங்கள் அம்மா. காரியம், பதினாறு, வந்தவர்களுக்குச் சாப்பாடு, வேலையில்லாத கணவர் என்று எல்லாவற்றையும் நீங்கள்தான் தூக்கிச் சுமந்தீர்கள். நீங்களே இன்னும் அழுது முடிக்கவில்லை என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

உங்களுக்கு 190, அவளுக்கு 325 என்ற வித்தியாசமும் நீங்கள் மோசமான அம்மா என்பதற்கு அத்தாட்சி கிடையாது. தாமஸ் ஆக்கன்பாக் 1987-ல் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் அவர்களைப் பற்றிச் சொல்வதற்கும் இருந்த ஒற்றுமை சராசரியாக 0.22 மட்டுமே. எல்லா வீட்டிலும் இப்படித்தான். பிள்ளையின் தூக்கமும் சாப்பாடும் பெற்றோர் கண்ணில் படும், உள்ளே ஓடுவது பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இரண்டு தாளில் எது சரி என்று பார்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால்தான் அவள் கதை முழுசாகும்.

இதை அவளோடு உட்கார்ந்து பேச ஒரு வழி சொல்கிறேன், நாங்கள் செய்வதுதான். ஒரு நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதங்கள் போகப் போக, நடந்தவை ஞாபகத்திலிருந்து உதிர்ந்துகொண்டே போகும், அதனால் “போன ஆகஸ்ட்டில் என்ன நடந்தது” என்று கேட்டால் பதில் வராது. ஆடிப் பதினெட்டுக்கு எங்கே இருந்தோம், காலாண்டுப் பரீட்சை அப்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், தீபாவளிக்கு ஏன் புதுத் துணி போடவில்லை என்று கேட்டால் வரும். நீங்கள் முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். “எனக்கு இந்த வருஷத்துலயே கஷ்டமா இருந்தது இந்த நாள்தான்” என்று அம்மா சொன்னால் பிள்ளைக்கு வாய் திறக்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டியதும் இல்லை.

அடித்த அந்த வரி

இதை நேராகக் கேட்காதீர்கள். “என்ன எழுதின, ஏன் அடிச்ச” என்ற கேள்வி விசாரணையாகத்தான் அவள் காதில் விழும். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயன்றதாக எழுதியிருந்தீர்கள், அதையும் இனி செய்ய வேண்டாம். எழுதியது அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்ததால். அடித்தது, பள்ளியில் யார் யார் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாததால் இருக்கலாம். “நீ எழுதினதைச் சொல்லணும்னு இல்ல. எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு, என்னவா இருந்தாலும் நான் திட்ட மாட்டேன்” என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அந்தத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அது அம்மாயி பற்றியதாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக, ஒரு பையனைப் பற்றியதாக இருக்கலாம். யாராவது அவளிடம் தவறாக நடந்துகொண்டதாகவும் இருக்கலாம். எதையும் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டாம். அப்படி ஒன்று வெளியே வந்தால், முதலில் அவளை நம்புங்கள், “நீ ஏன் அப்பவே சொல்லல” என்று கேட்காதீர்கள், 1098-க்கு ஃபோன் செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தவர்கள் புகார் செய்தாக வேண்டும் என்பது 2012-ன் போக்சோ சட்டம். குடும்ப மானம் என்று மூடி வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும், நிறைய அப்பாக்களுக்கு அதே பயம் இருக்கிறது. கேட்டால் மனசில் ஏறிவிடும் என்பது சரியில்லை. இருப்பதிலேயே கடினமான கேள்வியை, சாகும் எண்ணம் வந்ததா என்ற கேள்வியை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஆய்வு, நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகள், 2,342 மாணவர்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனக்கஷ்டமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது ஆறுதலாகத்தான் இருந்தது. அதனால் தயங்காமல், தனியாக இருக்கும்போது, மெதுவாகக் கேளுங்கள்: “ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது, இருக்கவே வேண்டாம்னு தோணியிருக்கா கண்ணு?” அவள் ஆமாம் என்றால் பதறாதீர்கள், அவளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். ராத்திரி நேரமாக இருந்தால் 14416. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அப்புறம், கணவரிடம் இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். 16 வருடம் கத்திரி பிடித்த கை சும்மா இருக்கிறது, அதுவும் ஒரு இழப்புதான். ‘பெற்றோரிடையே சண்டை’ என்று கயல் டிக் அடித்ததைக் குற்றப்பத்திரிகையாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் அவளுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான்.

டாக்டர், பள்ளி, பதிவு

டாக்டரிடம் போக வேண்டுமா? போக வேண்டும். 325-க்காகப் போக வேண்டாம், ஏழெட்டு வாரத் தூக்கத்துக்காகப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக தினமும் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் ஒருவர் பார்த்தாக வேண்டும். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாகவே வரும் என்றில்லை, எரிச்சலாக, கோபமாக வரும்; நிறைய வீடுகளில் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் செலவாகாது. அங்கே இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்பதைக் கேட்பார்கள். ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட ஒரு தாள் தமிழிலும் இருக்கிறது, அதை நிரப்பச் சொன்னாலும் சொல்வார்கள். அதுவும் பேச்சைத் தொடங்கத்தான், தீர்ப்புச் சொல்ல இல்லை. போன உடனே மாத்திரை என்று பயப்பட வேண்டாம். இந்த வயதில், இந்த அளவுக்கு, பேச்சுவழிச் சிகிச்சைதான் பெரும்பாலும் முதலில் வரும். முதல் தடவை டாக்டரோடு தனியே பேச அவளுக்கு நேரம் கொடுங்கள், நீங்களே வெளியே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.

பதிவைப் பற்றிய பயம் புரிகிறது. சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பது 2017 மனநலச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி டாக்டரின் கடமை. மனநலப் பிரிவில் காட்டியது மாற்றுச் சான்றிதழிலோ மார்க் ஷீட்டிலோ ஏறாது. சிகிச்சை தள்ளிப் போவதில்தான் எனக்குக் கவலை. ஒன்பதாம் வகுப்பில் கவனித்தால் சில மாதத்தில் தேறக்கூடிய பிள்ளை, பத்தாம் வகுப்பு வருடத்தை அப்படியே சுமந்துகொண்டு கடக்க வேண்டியிருக்கும்.

பள்ளியோடு சண்டைக்குப் போக வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். அக்கறையில்தான் அந்த ஆசிரியை சொல்லியிருப்பார், ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னது தவறு. தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் எழுத்தில் கொடுங்கள்: யார் இந்தத் தாள்களைப் பார்த்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், கயலின் மதிப்பெண்ணை வகுப்புப் பதிவில் சேர்க்க வேண்டாம், இனி பெற்றோரிடம் கேட்காமல் இப்படி எடுக்க வேண்டாம் என்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அப்படி ஒருவர் உங்கள் பள்ளிக்கு இருக்கிறாரா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். முடிந்தால் விளையாட்டு ஆசிரியரிடம் கோ-கோ பற்றியும் பேசிப் பாருங்கள். ஒன்பது பெண்கள் சேர்ந்தால் போதும், ஒரு அணி இறங்கிவிடும்.

இன்னொன்று கேட்க வேண்டும். இப்போது ராத்திரி கயல் எங்கே படுக்கிறாள் என்று ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அம்மாயியின் அறையில், அதே இடத்தில்தான் என்றால், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அவள் பாயை எடுத்து வந்து உங்கள் பக்கத்தில் போடுங்கள்.